அரைக்காதுக்காரியின் அப்பா

பரம்பரை தேடிக் கொடுப்பது என் தொழில். நகரத்தில் வீடு, கார், நாய் எல்லாம் வாங்கி முடித்தவர்கள் அடுத்ததாக ஒரு பரம்பரை வாங்க என்னிடம் வருவார்கள். எல்லோருக்கும் முன்னோர்களில் ஒரு தளபதி வேண்டும். தளபதி இல்லாவிட்டால் ஒரு புலவராவது வேண்டும். சமையல்காரர், வண்டியோட்டி, இரண்டு முறை ஜெயிலுக்குப் போய் வந்தவர் என்று நான் கொண்டுபோய் நீட்டினால் முகம் தொங்கிப்போய்விடும். "இன்னும் கொஞ்சம் பின்னாடி போய்ப் பாருங்களேன்" என்பார்கள். பின்னாடி போகப் போகத் தளபதிகள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைப்பு.

இவ்வளவு வாய் பேசுகிற எனக்கு, என் சொந்த எள்ளுப்பாட்டியின் அப்பா யாரென்று தெரியாது. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் கிடையாது. அத்தை போன் செய்கிற வரைக்கும்.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. அப்பா பிழைப்பு தேடி நகரத்துக்கு வந்துவிட்டார். அத்தை ஊரிலேயே தங்கி ஆடு மேய்த்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், புருஷனை மண்ணில் வைத்தாள், மறுபடி ஆடு மேய்த்தாள். போனில் அவளுக்கு 'ஹலோ' சொல்லும் பழக்கம் இல்லை.

"ஏய், நீ ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் தாத்தா தேடிக் கொடுக்கிறியே, எனக்கு ஒருத்தரைத் தேடிக் கொடு. கிளம்பி வா."

"யாரை அத்தை?"

"அரைக்காதுக்காரியோட அப்பனை. இல்லேன்னா மேடு போச்சு."

மேடு என்பது ஊருக்கு வடக்கே இருக்கும் புல் சரிவு. அத்தையின் மந்தைக்கு அதுதான் சோறு. இத்தனை காலமும் யார் வேண்டுமானாலும் மேய்த்தார்கள். புல் தேய்ந்து மண் தெரியவே, ஊர் மன்றம் ஒரு விதி போட்டுவிட்டது. மேட்டை முதன்முதலில் வேலி கட்டி வைத்திருந்தவரை ஊரில் 'மேட்டுக்காரர்' என்பார்கள். அவருடைய வாரிசுக்குத்தான் இனி மேய்ச்சல். வாரிசு ஒன்றுக்கு மேல் இருந்தால் மேட்டைப் பங்கு போட வேண்டும், தலைமுறையில் மூத்தவர் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தவர் தொப்பிக்காரர். தன் தம்பி மகன் போட்டிக்கு வந்தால் அவனை அமுக்கி வைக்கத்தான் அந்த ஏற்பாடு. பாவம், எவ்வளவு யோசித்திருக்கிறார்.

தொப்பிக்காரர் மேட்டுக்காரரின் நேர் வாரிசு. மகன், மகனின் மகன் என்று படிக்கட்டு மாதிரி இறங்கி வந்தவர். அத்தையோ அரைக்காதுக்காரியின் கொள்ளுப்பேத்தி. அரைக்காதுக்காரி எங்கிருந்து வந்தாள், யாருக்குப் பிறந்தாள் என்று எவருக்கும் தெரியாது. ஒருநாள் மேட்டிலிருந்து ஒரு மந்தையோடு இறங்கி வந்தாளாம். அந்த ஆடுகளுக்கெல்லாம் இரண்டு காதும் பாதிதான் இருந்ததாம். கிணறு வெட்டுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டாள், புகை பிடித்தாள், எல்லோரையும் திட்டினாள், செத்துப்போனாள். எங்கள் குடும்ப வரலாறு மொத்தமும் இவ்வளவுதான்.

காது விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் ஆட்டை அடையாளம் காண, குட்டியாக இருக்கும்போதே காதில் வெட்டு வைப்பார்கள். வீட்டுக்கு வீடு வேறு குறி. அப்பாவின் குறி அப்படியே மூத்த பிள்ளைக்குப் போகும். மற்ற பிள்ளைகள் தனி மந்தை வைத்தால், அதே குறியோடு காதின் அடியில் கூடுதலாக ஒரு வெட்டு. முதல் குட்டிக்கு அந்தக் கூடுதல் வெட்டை, குறியை வைத்திருப்பவர் தன் கையாலேயே போட்டுக் கொடுக்க வேண்டும். 'நீயும் எங்கள் வீடுதான்' என்று சொல்வதற்கு அந்த ஊரில் வேறு வழி கிடையாது.

நான் போய் இறங்கிய அன்றே தொப்பிக்காரரை டீக்கடையில் பார்த்தேன். எழுபது தாண்டியும் முதுகு வளையாத மனிதர். தொப்பியைச் சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, டவுன்ல இருந்து ஆள் இறக்கியாச்சா? தேடும்மா, நல்லாத் தேடு. திருடிக்கு அப்பன் கிடைச்சா எனக்கும் சொல்லு."

"திருடின்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

"காதை வெச்சுத்தான். எங்க குறி எங்க இருக்கு? காது நுனியில. நடுவுல ஒரு துளை, ரெண்டு பக்கமும் ஒரு வெட்டு. அவ என்ன பண்ணினா? நுனியையே நறுக்கிட்டா. எங்க குறியைத் தின்னுட்டு 'இது என் ஆடு'ன்னுட்டா. இதைக் கண்டுபிடிக்க டவுன் படிப்பு எதுக்கு?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அவர் நிறுத்தியிருந்தால் அன்றைக்கே ஜெயித்திருப்பார். அவருக்கோ பெருமை அடங்கவில்லை. டீ கிளாசை வைத்துவிட்டு இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

"எங்க குறியை யார் வேணா பாக்கலாம். போடுற கை எங்க ரத்தத்துக்கு மட்டும்தான். எதை முன்னாடி வெட்டணும், எதைப் பின்னாடி வெட்டணும்னு ஒரு வரிசை இருக்கு. மாத்திப் போட்டா காது வேற மாதிரி ஆறும், கள்ளக் குறியைப் பாத்த உடனே சொல்லிடுவோம். கதவைச் சாத்திட்டுத்தான் போடுவோம். கட்டின பொண்டாட்டிகூட பாத்தது கிடையாது!"

"அடேங்கப்பா" என்றேன். அவருக்கு மெத்த சந்தோஷம்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் குந்தினேன். அங்கிருந்த எழுத்தர் ஒவ்வொரு பழைய புத்தகத்தையும் என்னைப் பார்த்துத் தும்மிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அரைக்காதுக்காரியின் கல்யாணம் கிடைத்தது. கிணறு வெட்டுகிறவனின் அப்பா, தாத்தா, சொந்த ஊர் எல்லாம் பதிவாகியிருந்தன. பெண்ணின் அப்பா என்ற இடத்தில் ஒரு கோடு. எழுதுகோலை அழுத்தி இழுத்த, நல்ல தடித்த கோடு. மேட்டுக்காரரின் பக்கத்தைப் பார்த்தேன். ஒரே மகன் என்றிருந்தது. அப்பா செத்த பிறகு அந்த மகன் வந்து சொல்லச் சொல்ல எழுதியது.

எனக்கு என் தொழில் ஓரளவு தெரியும். கோடு போட்ட இடத்தை நான் நம்ப மாட்டேன். ஆனால் நம்பாமல் இருப்பதை வைத்துக்கொண்டு மன்றத்தில் என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "தொப்பிக்காரர் சொல்றது சரியா இருக்கும்போல அத்தை. ஆட்டைத் தள்ளிட்டுத்தான் வந்திருக்கா."

அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"நம்ம வீட்டுப் பொம்பளையத் திருடிங்கிறியா? சோறு போட்டுக்கிட்டு இருக்கேன், ஞாபகம் வெச்சுக்கோ."

"நான் சொல்லலை, காது சொல்லுது."

"காதுக்கு வாய் இருக்கா?" என்றாள். அப்புறம் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். கரண்டி மடியில் கிடந்தது. "மேடு போனா மந்தையை வித்துடணும்டி. வித்துட்டு நான் என்ன பண்ணுவேன்? உங்க வீட்டுக்கு வந்து டிவி பாக்கவா?"

அத்தை அழுகிற ஜாதி இல்லை. எங்கள் வீட்டு சோபாவில் அவளை உட்கார்த்தி வைத்துப் பார்த்தேன். என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் காலையில் குட்டிகளுக்குக் காது வெட்ட வேண்டியிருந்தது. பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, நான் போனேன். பட்டிக்குள் நுழைந்ததும் அத்தை சொன்னாள்: "கதவைச் சாத்து."

"எதுக்கு?"

"எதுக்கா? சாத்தித்தான் வெட்டணும். எங்க அம்மா அப்படித்தான்."

சாத்தினேன். அத்தை குட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். காதைப் பார்க்கவே இல்லை, குட்டியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே விரலால் தடவிக் காதின் நுனியைப் பிடித்தாள். கட்டைவிரல் நகத்தை வைத்து அளந்தாள். துளைக்கோலால் ஒரு துளை. குட்டியின் நெற்றியில் மெல்ல ஊதினாள். பிறகு சின்னக் கத்தியால் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு, மேல்பக்கம் ஒரு வெட்டு. அதற்கப்புறம் பெரிய கத்தரியை எடுத்து, அவ்வளவு நேரம் வேலை பார்த்த அந்த நுனியையே நறுக்கென்று வெட்டிப் போட்டாள்.

"அத்தை, அறுத்துப் போடப்போற இடத்துல எதுக்கு இவ்வளவு வேலைப்பாடு?"

"அப்படி வெட்டினா ரத்தம் சீக்கிரம் நிக்கும்."

"யார் சொன்னா?"

"எங்க அம்மா. அவங்களுக்கு அவங்க அம்மா. தொணதொணங்காம அந்த நுனியைப் பொறுக்கி அடுப்புல போடு. வெளியில கிடக்கக் கூடாது."

பொறுக்கினேன். கையில் வைத்துத் துடைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு துளை, இரண்டு பக்கமும் ஒரு வெட்டு.

அதை அத்தையின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இது யார் குறி?"

அத்தை பார்த்தாள். எத்தனை ஆயிரம் காதுகளை அந்தக் கை வெட்டியிருக்கும்! விரலுக்குத் தெரிந்ததைக் கண் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. நம் கையெழுத்தை நாம் பார்க்கிறோமா என்ன.

"அந்தத் தொப்பிப் பயலோடது" என்றாள் மெதுவாக. உடனே கோபம் வந்துவிட்டது. "அப்போ நிஜமாவே திருடினாளா அவ?"

"திருடினா. ஆனா யோசிச்சுப் பாருங்க. திருடின ஆட்டுல இந்தக் குறி ஏற்கெனவே இருக்கும். நுனியை நறுக்கினா வேலை முடிஞ்சுது. தன் பட்டியில பிறந்த குட்டிக்கு எதுக்கு முதல்ல அந்தக் குறியைப் போட்டுட்டு அப்புறம் நறுக்கணும்? எந்தத் திருடி அப்படி மெனக்கெடுவா?"

அத்தை குட்டியைக் கீழே விட்டாள்.

"அது அவ அப்பா மேட்டுக்காரரோட குறி அத்தை" என்றேன். "அப்பா குறியைப் போடாம ஒரு குட்டியைக்கூடத் தன்னோடதுன்னு சொல்ல அவளுக்கு மனசு வரலை. போட்டதை வெளியில காட்டவும், 'ஒரே மகன்'னு புத்தகத்துல எழுத வெச்ச அண்ணன் விடலை."

குட்டி காதை உதறிக்கொண்டு தன் அம்மாவைத் தேடி ஓடியது. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தூசி என்றாள். நானும் தூசி என்றே வைத்துக்கொண்டேன்.

ஊர் மன்றத்தின் தலைவர் சைக்கிள் கடைக்காரர். கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும், அதனால் யாருக்கும் கை கொடுக்க மாட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற உறுதியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மன்றத்தில் கூட்டம். நான் எழுந்து தொப்பிக்காரரைப் பார்த்துப் பணிவாகக் கேட்டேன். எனக்குப் பணிவு வந்தால் யாராவது உஷாராக வேண்டும். அவர் ஆகவில்லை.

"ஐயா, டீக்கடையில சொன்னீங்களே, உங்க வீட்டுக் கை வேற யாருக்கும் வராதுன்னு. அதை இங்கயும் ஒருதடவை சொல்லுங்களேன்."

ஒருதடவையா? எழுந்து நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ரத்தம், வரிசை, சாத்திய கதவு, பொண்டாட்டி எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னார். "வெளியாள் ஒருத்தன் அந்தக் கையைப் போட்டுட்டா, இந்தத் தொப்பியைக் கழட்டி அடுப்புல போடறேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அப்போ நீங்க ஒரு குட்டிக்குப் போட்டுக் காட்டுங்க. தலைவர் மட்டும் பாக்கட்டும். அப்புறம் அத்தை போட்டுக் காட்டுவாங்க."

தொப்பிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து அறைக்குள் முதலில் அவர் போனார், ஒரு குட்டி போனது, தலைவர் போனார். கதவு சாத்தப்பட்டது. பிறகு அத்தை. கத்தரியை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

தலைவர் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டை மறந்தவராகக் கூரையைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் முதல்ல கட்டைவிரல் நகத்தை வெச்சு அளந்தாங்க. ரெண்டு பேரும் துளையை முதல்ல போட்டாங்க. அப்புறம் கீழ் வெட்டு, அப்புறம் மேல் வெட்டு. ரெண்டு பேரும் துளை போட்ட உடனே குட்டியோட நெத்தியில ஊதினாங்க. அது எதுக்குங்க?"

தொப்பிக்காரரின் முகத்தில் நிறம் மாறியது. "எங்க அப்பா ஊதுவாரு" என்றார், தன்னை அறியாமல். உடனே சுதாரித்துக்கொண்டார். "யாராவது எட்டிப் பாத்துக் கத்துக்கிட்டிருப்பாங்க!"

"கதவைச் சாத்திட்டுத்தான் போடுவோம்னு இப்பத்தானே சொன்னீங்க? பொண்டாட்டிகூட பாத்ததில்லைன்னு?"

கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நன்றாகக் கேட்கும்படி, "நான் பாக்கலைப்பா" என்றார்.

"அப்போ திருடினது? திருடினது இல்லைன்னு ஆயிடுமா?" தொப்பிக்காரருக்குக் குரல் கீச்சிட்டது.

எனக்கு முன்னால் அத்தை எழுந்துவிட்டாள். "திருடினாதான்யா! எங்க கொள்ளுப்பாட்டி திருடினாதான். கூடப்பிறந்த அண்ணன் அப்பன் குறியைக் கொடுக்கலை, கூடுதல் வெட்டைப் போட்டுத் தரலை, புத்தகத்துல பேரையே எடுத்துட்டான். அவ தன் பங்கைத் தானே ஓட்டிக்கிட்டு வந்தா. நானா இருந்தா அவன் தொப்பியையும் சேத்து எடுத்துட்டு வந்திருப்பேன்!"

திருடி என்று நான் சொன்னதற்குக் கரண்டியோடு வந்து நின்றவள் இவள்தான்.

தலைவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்: இருவரும் வாரிசு, மேட்டைப் பங்கு போட வேண்டியது. தொப்பிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். "சரி. ஓடைப் பக்கம் எனக்கு. நான்தான் மூத்தவன்."

மேட்டில் தண்ணீர் இருப்பது ஓடைப் பக்கம் மட்டும்தான். நான் விதியை எடுத்துத் தலைவரிடம் நீட்டினேன். "வயசுல மூத்தவர்னு இல்லைங்க. தலைமுறையில மூத்தவர்."

கணக்கை அங்கேயே போட்டோம். தொப்பிக்காரர் வீட்டில் குறி மூத்த பிள்ளைக்கே போனது. மூத்தவனுக்கு மூத்தவன், அவனுக்கு மூத்தவன், எல்லோரும் மீசை முளைத்ததும் கல்யாணம் செய்துகொண்டவர்கள். தலைமுறைகள் மளமளவென்று இறங்கியிருந்தன. எங்கள் வீட்டிலோ அரைக்காதுக்காரி குறியைக் கடைசிப் பிள்ளைக்குத்தான் கொடுத்தாள். மூத்தவனிடம் பட்டது போதும் என்று நினைத்திருப்பாள். கடைசிக்குக் கடைசி, அதற்கும் கடைசி என்று நாங்கள் நிதானமாக வந்திருந்தோம். தலைவர் கிரீஸ் விரலால் எண்ணினார், மறுபடி எண்ணினார்.

"இவங்க உங்களுக்கு ரெண்டு தலைமுறை மேல வராங்க" என்றார் தொப்பிக்காரரிடம். "முறைப்படி பாத்தா பாட்டி ஆகணும்."

மன்றத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும், அவ்வளவு சிரிப்பு. தொப்பிக்காரர் வயதில் பத்து வருஷம் பெரியவர். அத்தை ஓடைப் பக்கத்தை எடுத்துக்கொண்டாள். போகிறபோது அவர் தோளைத் தட்டி, "வெயில்ல அலையாதப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொப்பியை அடுப்பில் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வெளியாள் யாரும் அந்தக் கையைப் போடவில்லையே.

கதை இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்து நான் பையைக் கட்டினேன். ஆனால் மீதிக் குட்டிகளுக்குக் காது வெட்டும்போது அத்தை ஒரு காரியம் செய்தாள். துளை போட்டாள், ஊதினாள், இரண்டு வெட்டும் வைத்தாள். கத்தரியை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அதை ஆணியில் மாட்டிவிட்டு, குட்டியை முழுக்காதோடு வெளியே விட்டாள். எல்லாக் குட்டிகளையும் அப்படியே.

தொப்பிக்காரர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். பட்டிக் கதவை அன்று நாங்கள் சாத்தவில்லை.

"என்ன இது அநியாயம்! உன் குட்டிக்கும் என் குட்டிக்கும் ஒரே குறி! மேட்டுல ரெண்டு மந்தையும் கலந்தா எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?"

"என்னைக் கேளு, சொல்றேன்" என்றாள் அத்தை. "எங்க வீட்டுல திருடுற பழக்கம் இருக்குன்னு உனக்குத்தான் தெரியுமே."

அவர் சத்தம் போட்டார், மன்றத்துக்குப் போவேன் என்றார். தான் விதியில் சேர்க்கச் சொன்ன வரியை நினைத்தாரோ என்னவோ, சத்தம் தானாகவே இறங்கியது. பட்டிக்குள் நின்றிருந்த குட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அவர் அப்பா வெட்டிய மாதிரியே காது. கடைசியில் தொப்பியைக் கழற்றினார். உள்ளே முழு வழுக்கை. ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"நுனியை நறுக்கிடுங்க பாட்டி" என்றார்.

நான் சிரித்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தையும் சிரிக்கவில்லை.

"நறுக்க மாட்டேன்" என்றாள். "மூத்தவனுக்குக் குறி மட்டும். மத்தவங்களுக்குக் கூடுதலா அடியில ஒரு வெட்டு. அதானே முறை? அதை யார் கையால போட்டுத் தரணும்?"

அத்தை சின்னக் கத்தியைப் பிடிப்பக்கமாகத் திருப்பி அவரிடம் நீட்டினாள். "உன் வீட்டுல ஒருத்தர் என்னைக்கோ போட்டுத் தந்திருக்க வேண்டியது. இப்ப குறி உன்கிட்ட இருக்கு. போடு."

அவர் தொப்பியை என்னிடம் கொடுத்தார். தரையில் உட்கார்ந்து ஒரு குட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். காதின் அடியை விரலால் தடவிப் பார்த்தார். அந்த வெட்டை அவர் அதுவரை யாருக்கும் போட்டுக் கொடுத்ததில்லை. வெட்டினார். பிறகு குட்டியின் நெற்றியில் ஊதினார்.

அத்தை குனிந்து அந்தக் காதைத் திருப்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"கோணலா வெட்டியிருக்க" என்றாள். "அடுத்த குட்டியப் பிடி."